சிறுதொழில் தொடங்குமுன் தொழில்முறை ஆலோசனை பெறும் முறை: ஒரு முழுமையான வழிகாட்டி

தொழில் தொடங்குகிறவர்களில் பலர் கணக்காளரையும் வழக்கறிஞரையும் நாடத்தான் செய்கிறார்கள். ஆனால் கையெழுத்திட்ட பிறகு நாடுகிறார்கள். குத்தகைப் பத்திரம் முடிந்த மறுவாரம் அதைப் படித்துச் சொல்லும்படி வழக்கறிஞரிடம் நீட்டுகிறார்கள். கூட்டாளியோடு பேச்சு நின்றுபோன பிறகு கூட்டு ஒப்பந்தம் எழுத வேண்டும் என்கிறார்கள். அந்த நிலையில் எவ்வளவு திறமையான ஆலோசகராலும் சேதத்தைக் குறைக்கத்தான் முடியும்.

நான் என் தொழிலுக்காக இந்தப் படிகளைக் கடந்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கும் பலருக்குத் துணையாக ஆலோசகர்களின் அறைகளில் உட்கார்ந்தும் இருக்கிறேன். சட்டமும் வரி விகிதமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். எதற்கு அடுத்து எது என்ற வரிசை அவ்வளவாக வேறுபடுவதில்லை. அந்த வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

1. திருத்த முடியாத முடிவுகளைத் தனியே எடுத்து வையுங்கள்

அடுத்த 6 மாதங்களில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும், "இது தவறாகிப் போனால் ஒரு மாதத்தில் மாற்றிக்கொள்ள முடியுமா?" என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று குறியுங்கள். விற்பனை விலை, பெயர்ப்பலகையின் வடிவம், சரக்கு வாங்கும் இடம் போன்றவற்றை மாற்றிக்கொள்ளலாம். பல ஆண்டுக் குத்தகை, கூட்டாளிக்குக் கொடுக்கும் பங்கு, வீட்டை ஈடு வைத்து வாங்கும் கடன், தொழிலின் சட்ட வடிவம், பொருளுக்கு வைக்கும் பெயர், இப்போதுள்ள வேலையை விடுவது ஆகியவற்றை அப்படி மாற்றிவிட முடியாது.

ஆலோசனைக்கென்று நீங்கள் ஒதுக்கும் பணம் இந்த இரண்டாம் வகைக்கே போக வேண்டும். புதியவர்கள் முதல் சந்திப்பின் பாதி நேரத்தை "இந்தத் தொழில் ஓடுமா?" என்று கேட்பதிலேயே கழித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குக் கணக்காளரிடமும் வழக்கறிஞரிடமும் விடை இருக்காது. பொருளை வாங்கப் போகிறவர்களிடம் சில மாதிரிகளைக் கொண்டுபோய்க் காட்டி, விலையைச் சொல்லி, முன்பதிவு தருவார்களா என்று கேட்டால் அந்த விடை கிடைக்கும்.

2. ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்

ஆலோசகரைச் சந்திக்கும் முன் உங்கள் தொழிலைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். வாயால் விளக்கத் தொடங்கினால், மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவரின் முதல் மணி நேரம் கதை கேட்பதிலேயே கரைந்துவிடும். எழுத உட்காரும்போதுதான் உங்களுக்கே தெரியாத இடங்கள் எவை என்பதும் தெரியவரும்.

பள்ளிப் பைகள் தைத்துக் கடைகளுக்கு மொத்தமாக விற்கத் திட்டமிட்டிருந்த இரு தோழியர் எழுதி வந்த குறிப்பை இன்றும் நல்ல மாதிரியாகச் சொல்வேன். பை ஒன்றின் விற்பனை விலை 500. துணி, ஜிப், தையல் கூலி சேர்த்து அடக்கம் 300. வாடகை, மின்சாரம், உதவியாளர் சம்பளம் என்று பை தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஆகும் மாதச் செலவு 60,000. துணி வந்ததிலிருந்து பை கடைக்குப் போக 30 நாள் ஆகும். கடைகள் 60 நாள் கழித்துப் பணம் தரும். துணி வியாபாரி 15 நாள் தவணை தருவார். முதலீடு ஒருவருடையது, தையல் வேலை தெரிந்தவர் மற்றவர். தாளின் அடியில் மூன்று கேள்விகள் மட்டும் இருந்தன.

ஒரு வரி விடுபட்டிருந்தது. வீட்டுச் செலவுக்காக ஒவ்வொருவரும் மாதம் எவ்வளவு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதை அவர்கள் எழுதவில்லை. பெரும்பாலானோர் விட்டுவிடும் வரி அதுதான். அதை எழுதாதவரை தொழிலுக்கு எவ்வளவு பணம் தேவை என்று யாராலும் சொல்ல முடியாது.

3. யாரை, எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் கணக்காளர், அடுத்து வழக்கறிஞர், பிறகு காப்பீட்டு ஆலோசகர், கடைசியில் வங்கி. தொழில் தனி ஒருவர் பெயரில் இருப்பதா, கூட்டு வணிகமா, கம்பெனியா என்பதைப் பெரும்பாலும் வருமானமும் வரியும் கடன்பொறுப்புமே தீர்மானிக்கின்றன. அந்த வடிவம் முடிவான பிறகுதான் ஒப்பந்தங்களை யார் பெயரில் எழுதுவது என்று வழக்கறிஞருக்குத் தெரியும். ஒப்பந்தங்களில் நீங்கள் ஏற்கும் பொறுப்பு எது என்று தெரிந்த பிறகுதான் எதற்குக் காப்பீடு எடுப்பது என்பது தெளிவாகும். இவையெல்லாம் கையில் இருந்தால் வங்கியில் கேட்கும் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.

இந்த வரிசைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இப்போது வேறொருவரிடம் வேலை பார்ப்பவர், தம்முடைய பணி ஒப்பந்தத்தை முதலிலேயே வழக்கறிஞரிடம் காட்டிவிட வேண்டும். விலகிய பின் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டித் தொழில் நடத்தக் கூடாது, பணிக்காலத்தில் உருவாக்கியவை நிறுவனத்துக்கே உரியவை என்பன போன்ற விதிகள் அதில் இருக்கலாம். அவை எந்த அளவுக்குச் செல்லும் என்பது ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது; ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே தொழிலில் பல ஆண்டுகள் இருப்பவரின் அறிவுரையும் மதிப்புள்ளதே. எந்த மாதத்தில் வியாபாரம் மந்தமாகும், எந்த இயந்திரம் அடிக்கடி பழுதாகும் என்பதை அவரைப்போல் யாரும் சொல்ல முடியாது. வரியையும் சட்டத்தையும் மட்டும் அவரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அவர் தொடங்கிய காலத்து விதிகள் இப்போது மாறியிருக்கலாம்.

4. ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது

ஒருவரோடு நிற்காமல் குறைந்தது இருவரிடமாவது பேசுங்கள். அவருக்கு உரிமம் வழங்கிய தொழில்முறை அமைப்பின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "ஆலோசகர்" என்று பலகை மாட்டிக்கொள்ளப் பல இடங்களில் எந்தத் தகுதியும் தேவையில்லை என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது.

உங்கள் அளவிலான தொழில்கள் எத்தனைக்கு இப்போது வேலை செய்கிறார், உங்கள் வேலையை அவரே பார்ப்பாரா, உதவியாளர் பார்ப்பாரா, கேள்வி அனுப்பினால் எத்தனை நாளில் பதில் வரும் என்று கேளுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்து பெயர் பெற்றவர் சிறுதொழிலுக்குப் பொருத்தமானவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் புரியவில்லை என்று சொன்னதும் அதே சொற்களை உரக்கத் திருப்பிச் சொல்கிறாரா, வேறு உதாரணம் எடுக்கிறாரா என்று கவனியுங்கள். என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை.

அவர் வேறு யாருக்கு வேலை செய்கிறார் என்பதையும் நேராகக் கேட்க வேண்டும். கட்டட உரிமையாளரின் வழக்கறிஞரே உங்களுக்கும் பத்திரத்தைப் பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னால், செலவு மிச்சம் என்று சம்மதிக்காதீர்கள். இரு கூட்டாளிகளுக்கும் ஒரே வழக்கறிஞர் ஒப்பந்தம் எழுதினால், நாளை பிணக்கு வரும்போது அவர் யார் பக்கமும் நிற்க இயலாமல் போகும். காப்பீடோ மென்பொருளோ கடனோ பரிந்துரைக்கும் எவரிடமும், அதற்காக அவருக்குத் தரகு கிடைக்கிறதா என்று கேளுங்கள். தரகு வாங்குவது குற்றமில்லை. அதை அறியாமல் அவர் சொல்வதை நடுநிலையான ஆலோசனை என்று நீங்கள் எடுத்துக்கொள்வதே ஆபத்து.

5. கட்டணத்தையும் வேலையின் எல்லையையும் எழுத்தில் வாங்குங்கள்

மணிக்கணக்கு, வேலைக்கு இவ்வளவு என்ற மொத்தக் கட்டணம், மாதக் கட்டணம் என்று மூன்று முறைகள் பரவலாக உள்ளன. பதிவு செய்வது, ஓர் ஒப்பந்தம் எழுதுவது போன்று தொடக்கமும் முடிவும் தெரிந்த வேலைக்கு மொத்தக் கட்டணமே நல்லது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாத வேலைக்கு மணிக்கணக்கு ஒப்புக்கொள்ள நேர்ந்தால், குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் முன் உங்களிடம் கேட்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கும் முன் அவரிடமிருந்து ஒரு பணி ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும். எவை அதில் அடங்கும், எவை அடங்காது, எந்தத் தேதிக்குள் முடியும், அரசுக் கட்டணம் தனியா சேர்ந்ததா என்பவை அதில் இருக்க வேண்டும். "பதிவு எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பியவர்கள், அந்த "எல்லாம்" என்பதில் ஆண்டுக் கணக்குத் தாக்கல் சேரவில்லை என்பதைத் தாமதக் கட்டண அறிவிப்பு வந்த பிறகே அறிந்துகொள்கிறார்கள்.

6. கணக்காளரிடம் கேட்டு முடிக்க வேண்டியவை

முதல் கேள்வி, எவ்வளவு விற்றால் நட்டம் வராது என்பது. பை உதாரணத்தில், ஒரு பைக்கு 200 மிஞ்சுகிறது. மாதச் செலவு 60,000. ஆகவே மாதம் 300 பைகள் விற்றால்தான் கையைக் கடிக்காது. இந்தக் கணக்கு வரை அந்தத் தோழியர் தாங்களே போட்டிருந்தார்கள்.

இரண்டாவது கணக்கைக் கணக்காளர்தான் போட்டுக் காட்டினார். துணி வந்து பையாகிப் போக 30 நாள், கடை பணம் தர 60 நாள், இரண்டும் சேர்ந்து 90. அதில் துணி வியாபாரி தரும் 15 நாள் தவணையைக் கழித்தால் 75 நாள். அதாவது போட்ட பணம் திரும்ப இரண்டரை மாதம் ஆகும். மாதம் 300 பைக்கு அடக்கச் செலவு 90,000, மற்றச் செலவு 60,000, ஆக 1,50,000. எனவே லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற நிலையில் தொழில் நடக்கவே ஏறத்தாழ 3,75,000 முடங்கிக் கிடக்கும். அவர்கள் வைத்திருந்தது 2,00,000. தையல் இயந்திரங்களுக்கான தொகை அதற்குள்ளேதான் இருந்தது. மூவரும் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கணக்காளர், பாதிச் சரக்கையாவது 15 நாளில் பணம் தரும் கடைகளுக்கு, சிறிது விலை குறைத்தாவது கொடுக்க முடியுமா என்று கேட்டார். தொழிலின் திட்டமே அந்தக் கேள்வியில் மாறியது.

விற்பனை கூடக்கூட முடங்கும் பணமும் கூடும் என்பதைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. கணக்கில் லாபம் காட்டும் தொழில், ரொக்கம் இல்லாமல் மூடப்படுவது இதனால்தான். முதல் 12 மாதங்களுக்கு மாதவாரியாகப் பண வரவு செலவு முன்மதிப்பீடு ஒன்றைக் கணக்காளருடன் சேர்ந்து தயாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சட்ட வடிவம். தனி ஒருவர் பெயரில் நடத்துவது எளிது, செலவும் குறைவு. ஆனால் தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடனே. பொதுவான கூட்டு வணிகத்தில் ஒரு கூட்டாளி தொழிலுக்காக வாங்கிய கடனை மற்றவரிடமும் வசூலிக்க முடியும். வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கம்பெனியில் பங்குதாரரின் இழப்பு பொதுவாக அவர் போட்ட பங்குத் தொகையோடு நிற்கும். அதற்கு ஈடாக ஆண்டறிக்கை, கணக்குத் தாக்கல் என்று தொடர்ந்து செலவு வரும். "எது நல்லது?" என்று கேட்காமல், "என் எண்களுக்கு ஒவ்வொரு வடிவத்திலும் வரி எவ்வளவு, ஆண்டுச் செலவு எவ்வளவு, நட்டமானால் என் வீட்டுக்கு என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, எந்த விற்பனை அளவில் எந்த வரிப் பதிவு கட்டாயமாகும், எந்தச் சீட்டுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பவற்றையும் அதே சந்திப்பில் முடித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் விற்பனை வரி உங்கள் பணம் அல்ல. அதை முதல் நாளிலிருந்தே தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

7. வழக்கறிஞரிடம் எடுத்துச் செல்ல வேண்டியவை

கூட்டு ஒப்பந்தம் முதலில் வர வேண்டும். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் அதை நியாயமாக எழுத முடியும். பங்கு எவ்வளவு என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஒருவர் விலகினால் அவர் பங்கை யார், எந்த மதிப்பில் வாங்குவது, ஒருவர் இறந்தால் அல்லது நோயில் விழுந்தால் என்ன, சரிபாதிப் பங்கில் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் முடிவெடுப்பது யார் என்பவையே ஒப்பந்தத்தின் உயிர். உழைப்பை மட்டும் போடுகிறவருக்குப் பங்கை ஒரேயடியாகக் கொடுக்காமல், 4 ஆண்டுகளில் படிப்படியாகச் சேருமாறும், முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் சேராதவாறும் எழுதுவது புதிய நிறுவனங்களில் பரவலான முறை.

அடுத்தது குத்தகை. அந்தத் தோழியர் கையெழுத்திடாமல் கொண்டுவந்த பத்திரத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வழக்கறிஞர் பேசாமல் படித்துக்கொண்டே மூன்று இடங்களில் பென்சிலால் கோடிட்டார். 5 ஆண்டுக் காலத்தில் இடையில் முறித்துக்கொள்ளும் உரிமை உரிமையாளருக்கு மட்டும் இருந்தது. காலி செய்யும்போது இடத்தைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து தர வேண்டும் என்றிருந்தது. பழைய நிலை எது என்பதற்குப் படமோ குறிப்போ இணைக்கப்படவில்லை. மூன்றாவது கோடு ஒற்றைச் சொல்லின் அடியில் இருந்தது: இடத்தைப் பயன்படுத்தும் நோக்கம் "கிடங்கு". தையல் இயந்திரம் ஒன்றை ஓட்டினாலே அது ஒப்பந்த மீறல். உரிமையாளருக்கு ஒரு கடிதம் போனது. நோக்கத்தையும் முறிவு உரிமையையும் அவர் மாற்றிக் கொடுத்தார். கையெழுத்தான பிறகு கேட்டிருந்தால், மாற்றிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்திருக்காது.

பெயர் மூன்றாவது. கம்பெனி பதிவேட்டில் ஒரு பெயர் கிடைத்துவிட்டதால் அதை வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பயன்படுத்தும் உரிமையும் கிடைத்துவிட்டதாக எண்ணுவது மிகப் பரவலான தவறு. இரண்டும் வெவ்வேறு பதிவுகள். வணிகக் குறிப் பதிவுக்கான பன்னாட்டு வகைப்பாட்டை வகுத்த 1957-ஆம் ஆண்டின் நீஸ் உடன்படிக்கைப்படி சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் முதல் 34 சரக்குகளுக்கு, எஞ்சிய 11 சேவைகளுக்கு. பள்ளிப் பை 18-ஆம் வகுப்பு, உடைகள் 25-ஆம் வகுப்பு. நீங்கள் இன்று விற்பது, நாளை விற்க எண்ணுவது இரண்டுக்கும் உரிய வகுப்புகளில் அதே பெயரோ அதைப்போல ஒலிக்கும் பெயரோ இருக்கிறதா என்று தேடிய பிறகே பலகை எழுதவும் அட்டை அச்சடிக்கவும் வேண்டும். சின்னத்தை வரைந்து கொடுத்தவருக்குப் பணம் கொடுத்துவிட்டதாலேயே அதன் பதிப்புரிமை பல நாடுகளில் உங்களுக்கு வந்துவிடாது. எழுத்து மூலம் மாற்றி வாங்க வேண்டும்.

புதிய கண்டுபிடிப்பு ஏதேனும் இருந்தால், அதை வெளியில் காட்டும் முன் காப்புரிமை பற்றிக் கேட்டுவிடுங்கள். விண்ணப்பிக்கும் முன் பொதுவில் காட்டியது, பல நாடுகளில் அதன் புதுமையை இழக்கச் செய்துவிடும். ஒரு நாட்டில் விண்ணப்பித்த பிறகு, 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் பிற உறுப்பு நாடுகளில் முன்னுரிமையோடு, அதாவது முதல் விண்ணப்பத்தின் தேதியே அங்கும் கணக்கில் வரும்படி, விண்ணப்பிக்கக் காப்புரிமைக்கு 12 மாதமும் வணிகக் குறிக்கு 6 மாதமும் அவகாசம் உண்டு.

8. காப்பீடும் கடனும்

காப்பீட்டில் தவணையைக் குறைப்பதற்காகச் சரக்கின் மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பல ஒப்பந்தங்களில், மதிப்பில் எந்த விகிதத்துக்குக் காப்பீடு செய்தீர்களோ இழப்பிலும் அதே விகிதமே தரப்படும் என்ற விகித விதி இருக்கும். 10,00,000 மதிப்புள்ள சரக்கை 5,00,000 என்று காப்பீடு செய்திருந்து, தீயில் 2,00,000 அளவுக்கு அழிந்தால், கிடைப்பது 1,00,000 மட்டுமே. எது தரப்படும் என்பதைவிட, எவை தரப்படமாட்டா என்ற பகுதியை ஆலோசகருடன் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்.

கடனில் கவனிக்க வேண்டியது சொந்த ஜாமீன். கம்பெனி வாங்கும் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்திட்டால், கம்பெனி தந்த பாதுகாப்பு அந்தக் கடனைப் பொறுத்தவரை இல்லாமல் போகும். தொகைக்கு வரம்பு வைக்கலாமா, குறிப்பிட்ட காலம் ஒழுங்காகக் கட்டிய பின் ஜாமீனை விலக்கிக்கொள்ளலாமா என்று வழக்கறிஞர் மூலம் கேட்டுப் பாருங்கள். வாழ்க்கைத் துணையும் கையெழுத்திட வேண்டும் என்றால், அவர் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நியாயம்.

9. கேட்டதை எழுதி உறுதி செய்யுங்கள்

ஒவ்வொரு சந்திப்புக்கும் அடுத்த நாளே, நீங்கள் புரிந்துகொண்டதை ஐந்தாறு வரிகளில் மின்னஞ்சலில் அனுப்பி, சரியா என்று கேளுங்கள். அறையில் தலையாட்டியதில் பாதி, வீட்டில் எழுத உட்காரும்போது புரிந்திருக்காது. தவறாகப் புரிந்த ஒரு வரியை அவர் திருத்தி அனுப்புவதே அந்த மாதத்தின் மிகப் பயனுள்ள ஆலோசனையாக அமைந்துவிடுவதுண்டு.

கணக்காளர் ஒன்றும் வழக்கறிஞர் வேறொன்றும் சொன்னால் கலங்க வேண்டாம். ஒருவர் வரியைப் பார்க்கிறார், மற்றவர் வழக்கைப் பார்க்கிறார். இருவரிடமும் மாறி மாறிச் செய்தி கொண்டுபோகாமல், அரைமணி நேரம் இருவரையும் ஒரே அழைப்பில் பேச வையுங்கள். அதன் பிறகும் இரு வழிகள் எஞ்சினால், ஒவ்வொன்றிலும் நடக்கக்கூடிய மிக மோசமான விளைவு எது என்று கேட்டு, உங்களால் தாங்க முடிந்ததை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த முடிவை ஆலோசகர் எடுக்க மாட்டார். எடுக்கவும் விடக் கூடாது.

10. தொடங்கிய பிறகு

முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்காளருடன் முன்மதிப்பீட்டையும் உண்மை எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் பணியாளரைச் சேர்ப்பது, புதிய கடன், வேறு நாட்டுக்கு விற்பது, ஒரே வாடிக்கையாளர் விற்பனையில் பாதியைத் தாண்டுவது, அரசு அறிவிப்பு ஏதேனும் வருவது ஆகியவற்றில் எது நடந்தாலும் அந்தச் சந்திப்புக்காகக் காத்திராமல் உடனே கேளுங்கள். அறிவிப்புகளுக்குப் பதில் சொல்லும் கெடு பெரும்பாலும் குறுகியது.

பதிவுச் சான்றுகள், தாக்கல் செய்த படிவங்களின் நகல்கள், இணையத் தளங்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முதல் நாளிலிருந்தே உங்கள் கையில் இருக்க வேண்டும். வரித் தளத்தில் ஆலோசகரின் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு, பின்னர் அவரை மாற்ற முடியாமல் பல மாதங்கள் அலைந்தவர்களை அறிவேன். பதிவு செய்யும் அன்றே உங்கள் எண்ணைக் கொடுத்து, அவருக்குத் தனி அனுமதி வழங்க வழியிருந்தால் அதன் வழியாக மட்டும் வேலை செய்யச் சொல்லுங்கள்.